உள்ளே ஆள் இருந்தால் திறக்காத கதவு

பிஸ்கட் ஆலையில் அவரை எல்லோரும் ‘புரோகிராம்’ என்றே கூப்பிடுவார்கள். இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதுகிறவர். ஒரு நிபந்தனை வைக்காமல் காபிகூடக் குடிக்கமாட்டார்.

ஆறு வருடத்துக்கு முன் ஆலை இயந்திரங்களை ஓட்டிவந்த எண்பத்து நான்கு ரிலேக்களை, ‘டிக்’கென்று தட்டும் பழைய மின்விசைகளை, கழற்றிக் காயலான் கடைக்குத் தள்ளி, அந்த இடத்தில் எழுதிய கட்டளைப்படி இயந்திரத்தை ஓட்டும் பி.எல்.சி. பெட்டி ஒன்றைச் சின்னதாய் மாட்டினார். அந்த ரிலேக்களைப் பெற்ற பிள்ளைகளாய்ப் பார்த்துக்கொண்டவர் மனைவியின் அண்ணன். பக்கத்து வீடுதான். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் நின்று தவித்தது ஒரு தங்கையின் நெஞ்சம்!

மகளுக்குப் பத்தரை மணிக்குப் பதிவுத் திருமணம். மச்சானுக்குச் சொல்லவில்லை. எல்லோரும் கிளம்பினால் வீட்டுக்குக் காவல் வேண்டுமே என்று, வாசல் கதவில் காந்தப் பூட்டும், கூரையில் ஆளைக் கண்டுபிடிக்கும் கண்ணும், வெளிச்சுவரில் பி.எல்.சி.யும் பொருத்தினார். எழுத நேரமில்லை. ஆலை இயந்திரத்தின் கட்டளையையே ஏற்றினார்: உள்ளே ஆள் இருந்தால் அசையாதே; இல்லையென்றால் ஓடு.

காலை ஒன்பதேகாலுக்கு ரிமோட்டை அழுத்தினார். கதவு பூட்டிக்கொண்டது.

“என்னங்க, திறக்கல?”

“உள்ள ஆள் இருந்தா திறக்காது.”

“அப்ப ஆள் எப்படி வெளிய போறது?”

அவர் யோசித்தார். “திறந்ததும்.”

“அப்பா! இன்னைக்கு விட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுதான். அவர் அங்க தனியா நிக்கிறார்ப்பா!”

மூவரும் மேசைக்கு அடியில் மூச்சைப் பிடித்து அசையாமல் உட்கார்ந்தார்கள். கண் அவர்களை மறந்தது. கதவு திறந்தது. பாய்ந்து எழுந்தார்கள். மூடிக்கொண்டது.

நிரலைத் திருத்தும் மடிக்கணினி ஆலையில் இருந்தது. நிறுத்தும் சிவப்புப் பொத்தான், ஆலை விதிப்படி, வெளியே. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

ஜன்னலில் முகம் தெரிந்தது. “இந்தச் சிவப்பை அமுக்கணும், அவ்வளவுதானே மாப்பிள்ளை?”

“ஆமா மச்சான்.”

“எண்பத்து நாலு பேர்கிட்டயும் மன்னிப்பு கேளுங்க.”

“ரிலேகிட்டயா?”

“மணி பத்தாகப் போகுது.”

மண்டியிட்டார். “ஒண்ணாம் நம்பர் ரிலேயே, மன்னிச்சிரு. ரெண்டாம் நம்பர் ரிலேயே…” பதினேழாம் ரிலேயில் நிஜமாகவே அழுதுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மச்சானும் விம்மினார்.

“ரெண்டு பேரும் அப்புறம் அழுங்க!” என்று கத்தினாள் மனைவி.

மச்சான் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. அங்கே அவர் புதுச்சட்டையில் நின்றார்.

“மாமா, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மகள்.

“கூப்பிடலைன்னா என்னம்மா, எதிர்ப்பக்கம் நின்னாவது பார்க்கலாம்னுதான்.”

எல்லோரும் வெளியே வந்ததும், பூட்டு மறுபடி வேலை செய்யப் பொத்தானை விடுவித்தார்கள். வீட்டில் ஆள் இல்லை. கதவு பூட்டாமல் திறந்தே கிடந்தது.

“பூட்டணும்னா யாராவது உள்ள இருக்கணும்,” என்றார் தகப்பன். “நான் இருக்கேன். நீங்க போங்க.”

மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு ரிலேயை எடுத்தார். காயலான் கடையிலிருந்து காப்பாற்றிய ஒன்று. “உங்க பெட்டி எது சொன்னாலும் இவன் நேர்மாறாத்தான் செய்வான். என்னை மாதிரி.”

வெளிச்சுவர்ப் பெட்டியோடு அதைச் சேர்த்து, இரண்டு கம்பிகளை மாற்றிச் செருகினார். டிக். கதவு பூட்டிக்கொண்டது.

வண்டியில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். “பதினெட்டாம் நம்பர் ரிலேயே…” என்று விட்ட இடத்தில் தொடங்கினார் புரோகிராம். பதிவு அலுவலக வாசலில் எண்பத்து மூன்று முடிந்தது.

“எண்பத்து நாலாவது?”

“அவன் வீட்டைப் பார்த்துக்கிறான். சாயங்காலம் நேர்ல கேட்டுக்கங்க,” என்றார் மச்சான், சாட்சிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபடி.