உளுந்தின்மேல் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்

நீண்ட நாள் வைத்து ஓட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. காஞ்சிபுரத்தில் ஒரு பழைய கார் பிடித்துப்போனது. இன்ஜினில் குறையே இல்லை. எங்கள் ஊர்வரை ஓட்டிப் பார்க்கிறோம் என்று கேட்டு எடுத்து வந்தோம்.

காவாந்தண்டலம் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறினால்தான் உளுந்து உதிரும். ஒதுங்கிப் போனால் கோபித்துக்கொள்வார்கள். இவரும் வழக்கம்போல் அதன்மேல் ஏற்றினார். கொஞ்ச தூரத்திலேயே கருகல் வாடை.

"நைனா, அடியில பொக வருது, எறங்கு!" என்று உளுந்துக்கார அம்மா குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். தரையை ஒட்டியிருந்த காரின் அடியில் செடிகள் சிக்கி, சூடான சைலன்சரில் புகைந்துகொண்டிருந்தன. தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

"வண்டி ஷோக்காதான் கீது. ஆனா என் உளுந்த இல்ல வாரிக்கினு போவுது!" என்றார் அந்த அம்மா.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இவ்வளவு தாழ்வான வண்டி எங்கள் ஊர்ச் சாலைக்குச் சரிவராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது எந்தக் காரைப் பார்க்கப் போனாலும், இவர் முதலில் தரையில் படுத்து அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார். விற்பவர்கள் பதறிப்போகிறார்கள். நான் மறக்காமல் ஒரு பழைய பாயைக் கொண்டுபோகிறேன்.

- மெர்சி, உத்திரமேரூர்