சொந்தத்துக்கு ஏது சம்பளம்

குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போடும் வீடு ஒன்றில் நான்கு வருடம் சமையல் வேலை பார்த்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. புருஷனை இழந்து மேலகரத்தில் அண்ணன் வீட்டில் கிடந்த என்னை, அந்த வீட்டுக்காரியே தேடி வந்து அழைத்துப் போனாள். என்னைவிட மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் வருடம் சம்பளம் மாதாமாதம் கைக்கு வந்தது. பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: "ஒங்கையில குடுத்தா ஒங்கண்ணன் புடுங்கிட்டுப் போயிருவான். எங்கிட்ட கெடக்கட்டும்ட்டி. மொத்தமா தாரேன்."

அண்ணன் அப்படிப்பட்டவன்தான். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் டைபாய்டில் படுத்தபோது பக்கத்திலேயே பாய் போட்டுக் கிடந்தேன். கொத்துக் கொத்தாய் உதிர்ந்த தலைமுடியை அவள் கண்ணில் படாமல் பொறுக்கி எறிவேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. பிரிகிற வருத்தம் என்று நினைத்தேன். கிளம்பும்போது பணத்தைக் கேட்டேன்.

"என்ன பணம்?"

"எஞ் சம்பளம்க்கா. மூணு வருசத்துது."

"ஏட்டி, கூடப்பொறந்தவ மாதிரில்லா வச்சிருந்தேன்? எஞ் சோத்தத்தான தின்ன, எங்கூடத்தான படுத்த? சொந்தத்துக்கு ஏது சம்பளம்?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அண்ணன் வீட்டிலேயே தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அக்கா வீட்டுக்கு இரண்டு முறை போனேன். புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண், "அம்மா வீட்ல இல்ல" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். உள்ளே அக்கா இருமுவது கேட்டது.

சீசன் வரட்டும் என்று காத்திருந்தேன். சாரல் விழுந்த ஒரு காலையில் போய் அவள் வாசல்படியில் உட்கார்ந்தேன். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பியவர்களில், மதுரையிலிருந்து வருடந்தோறும் வரும் வக்கீல் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்னம்மா, இந்த வருஷம் உங்க சமையல் இல்லையா?" என்றார்.

சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

அக்கா வெளியே வந்தாள். "இவ வெள்ளிச் செம்பக் களவாண்டான்னு நாந்தான் வெரட்டிவிட்டேன். இப்பம் வந்து கூப்பாடு போடுதா" என்றாள்.

சம்பளம் இல்லை என்றபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

வக்கீல் நிதானமாக, "அப்படின்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துருவோம். நானும் கூட வர்றேன்" என்றார்.

அவள் உள்ளே போனாள். பாதிப் பணத்தோடு திரும்பி வந்தாள்.

"மீதி எப்பம் தருவிய, முதலாளியம்மா?" என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் முறை. அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனாலும் ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மீதி வரவேயில்லை. நோட்டீஸ் அனுப்பலாம் என்று வக்கீல் சொன்னார். மறுபடி அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. அதற்குள் பேச்சு மேலகரம்வரை போயிருந்தது. அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "செம்ப எங்கன வச்சிருக்க?" என்றான்.

கையில் இருந்த பணத்தை முன்பணமாகக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன்.