சுற்றில் கேட்ட கதை

ஆடிச்சுற்று என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய நாள் முதல் கோமதியம்மனை நினைத்துக்கொண்டு பிரகாரத்தை நூற்றொரு தடவை சுற்றி முடிப்போம். நானும் வருடம் தவறாமல் சுற்றுகிறவன். மனசுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டு சுற்றினாலும் சுற்று சுற்றுதானே என்று நினைத்திருந்தேன்.

கோபம் அக்கா மேல். மூன்று வருடத்துக்கு முன் நான் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, அக்கா பத்துப் பேர் முன்னால், "அடுப்படி மூலை தப்பா இருக்கேலே" என்று சொல்லிவிட்டாள். "வீடு எனக்கா, ஒனக்கா?" என்று நான் கத்தினேன். அவள் இலையில் உட்காராமலே பஸ் ஏறித் தன் ஊர் பனவடலிசத்திரத்துக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

இப்போது அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் பக்கம் பெண்ணை மணவறைக்கு அழைக்க மாட்டார்கள். அத்தான் மட்டும் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். "கூடப்பிறந்தவ வந்து கூப்பிடாம நான் ஏன் போகணும்?" என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றே சொன்னேன்.

அன்று சாயங்காலம் சுற்றும்போது பிரகாரத்தில் ஒருவர் மைக் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி முழங்கால் வலி என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒவ்வொரு சுற்றிலும் அவரைத் தாண்டும்போது நாலு வரிதான் காதில் விழும். ஒரு சுற்றில், ஒருவன் கூடப்பிறந்தவளோடு வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தான். அடுத்த சுற்றில் அடைமழை, அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அதற்கடுத்ததில் அவள் இலை போட்டுப் பரிமாறுகிறாள். அப்புறம், "ஒரு வாய்தான் வச்சான், கண்ணுல தாரை தாரையாத் தண்ணி!"

நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. முதுகுக்குப் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். இதற்குமா சிரிப்பார்கள், ஜனங்கள் இப்படிக் கெட்டுப்போய்விட்டார்களே என்று அவர்களுக்காகவும் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். நான் சுற்றி வருவதற்குள் கதை முடிந்து பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பூவும் பழமுமாகப் பஸ் ஏறினோம். "திடீர்னு என்னங்க?" என்றாள் மனைவி.

"நேத்துக் கதை கேட்டேல்லா? அதுக்குப் பெறகும் மனுசன் சும்மா இருப்பானா?"

அவள் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டாள். என்னை மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஏலே, வழி தெரிஞ்சுதான் வந்தியா, கண்டக்டர் மாத்தி எறக்கிட்டானா?" என்றாள் அக்கா வாசலில். குரல்தான் அப்படி. கை அதற்குள் என் பையை வாங்கியிருந்தது. இலை போட்டு இட்லி வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அந்தக் கதையைச் சொன்னேன். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளும் அழுகிறாள் என்று அக்கா முதுகைத் தடவ, சிரிப்பு வெடித்தது.

"மதினி, கதையில அவன் சமாதானத்துக்குப் போகல்ல. ஓசிச் சோத்துக்குப் போறான். கூடப்பிறந்தவ அதைத் தெரிஞ்சுக்கிட்டு கொழம்புல பச்ச மொளகாயா அரைச்சு ஊத்துதா. அந்தக் காரத்துலதான் கண்ணுல தண்ணி!"

"பஸ்லயே சொல்லக்கூடாதாட்டி?" என்று சீறினேன்.

"சொன்னா பாதி வழியில எறங்கித் திரும்பிருவீகளே."

அக்கா சிரிக்கவில்லை. சட்னிக் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தாள். "மொளகான்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்ட, அப்படித்தானலே?"

வருடா வருடம் சுற்று சுற்றுகிறவன். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. குனிந்து இலையைப் பார்த்தேன். அதில் இன்னும் இரண்டு இட்லி வந்து விழுந்தது.

"போட்டும் விடு. மாமன்காரன் முந்தின நாளே வந்து கெடக்கணும், சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "மாலை போட்டு முடிக்கிற வரைக்கும் எந்தக் கதையையும் முழுசாக் கேட்டுத் தொலைச்சிராத."