ஜீனத் சொன்னால் போதாது

பேரிங்கை ஜீனத் கண்ணால் பார்ப்பதில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டுவிரலால் ஒரு சுற்று சுற்றுவார். “இது ஒரிஜினல் இல்லப்பா. உள்ள குண்டு பேசுது, கேளு” என்று கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். வந்தவருக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வேறு பேரிங் வாங்கிக்கொண்டு போவார்.

பெரிய காஞ்சிபுரத்தில் இரண்டு பட்டுக்கடைகளுக்கு நடுவே, எட்டடிக்குப் பத்தடியில் இருக்கிறது அவருடைய இருசக்கர வாகன உதிரிபாகக் கடை. அப்பா தொடங்கியது. அண்ணன் ரியாத்துக்குப் போய்விட, பத்தொன்பது வயதில் ஜீனத் வந்து உட்கார்ந்தார். இப்போது ஐம்பத்தொன்று. புர்காவின் கைகளை முழங்கை வரை ஏற்றி, நழுவாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருப்பார். டப்பாக்களுக்குள் கை விடும்போது துணி மாட்டிக்கொள்கிறதாம். டப்பாக்களின் மேல் எழுத்து கிடையாது. இரண்டாயிரம் சாமானாவது இருக்கும். எது எங்கே என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் கணவர் முதஸ்ஸிர் கடையைப் பார்த்துக்கொள்வார். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “அவங்க வரட்டும்.”

ஊர் மெக்கானிக்குகள் இரண்டு பேர் ஒரு பாகத்தைப் பற்றிச் சண்டை போட்டால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஜீனத்தக்கா சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. போன ஆடி மாதம் வரைக்கும்.

அன்று வந்தவர் பெயர் தனுஷ். பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவதில் ஆசை உள்ளவர். அவரிடம் ஒரு சாரங் 175 இருந்தது. வடநாட்டில் எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலை விட்ட மோட்டார் சைக்கிள் அது. ஊரில் இன்னும் பத்துப் பதினைந்து சாரங் ஓடுகின்றன என்றால் அதற்கு ஜீனத்தின் டப்பாக்களும் ஒரு காரணம்.

“அக்கா, சாரங்குக்குப் பன்னெண்டு வோல்ட் காயில் குடுங்க. எம்பத்திரெண்டு மாடல்.”

“எம்பத்திரெண்டுக்கு ஆறு வோல்ட்டுதாம்பா. எம்பத்தினாலுலதான் பன்னெண்டு வந்துது.”

“விக்கிப்பீடியால எம்பத்திரெண்டுன்னு போட்டுக்கிதுக்கா.” தனுஷ் போனை நீட்டினார்.

“போட்டது யாரு? அவரைக் கடைக்கு வரச்சொல்லு.”

அன்று சாயங்காலம் ஜீனத் இதை மகள் சித்தாராவிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லிக்கொடுக்கிற சித்தாரா, விடைத்தாள் திருத்திக்கொண்டே பதில் சொன்னாள். “அது யார் வேணும்னாலும் எழுதறதுதான் அம்மி. தப்புன்னா நீங்களே மாத்திடுங்க.” யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது ஜீனத்துக்கு முதலில் ஆச்சரியமாகவும், பிறகு அநியாயமாகவும் பட்டது. ஆனாலும் விக்கிப்பீடியாவில் தன் பெயரில் ஒரு பயனர் கணக்கைத் தொடங்கினார்.

தட்டெழுதத் தெரியாததால் போனிடம் சொல்லி எழுதவைத்தார். தெருவில் பேருந்து ஒலி. போன் தனக்குக் கேட்டதை எழுதிக்கொண்டது. ‘சாரங் 175 வண்டியில் 1984க்குப் பிறகே பன்னிரண்டு வோல்ட் கோயில் பொருத்தப்பட்டது.’ காஞ்சிபுரத்துப் போனுக்குக் காயிலைவிடக் கோயில்தான் பழக்கம் போலிருக்கிறது. பழைய வரியை அழித்துவிட்டு இதைப் போட்டார். பத்து நிமிடம் நின்றது. பிறகு பழைய வரியே திரும்பி வந்துவிட்டது. கூடவே நீலாம்பாள் என்ற பயனரிடமிருந்து ஒரு செய்தி: ‘வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. சேர்த்த தகவலுக்குச் சான்று இல்லாததால் மீளமைத்துள்ளேன். கோயில் பற்றிய குறிப்பும் விளங்கவில்லை.’

ஜீனத் மறுபடியும் மாற்றினார். மறுபடியும் அது பழையபடி ஆனது. அவர் பதில் எழுதினார். இந்த முறை சித்தாரா தட்டெழுதிக் கொடுத்தாள். “முப்பத்திரண்டு வருஷமா இந்தச் சாமானத்தான் வித்துக்கினு இருக்கேன். நான்தான் சான்று.”

‘உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் உங்களை அறியாத வாசகர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? அச்சில் வந்த நூல், கையேடு, இதழ், ஏதேனும் ஒன்று வேண்டும். எந்தப் பக்கம் என்றும் தெரியவேண்டும்.’

மூன்று நாள் அந்தச் செய்தியைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். “பாருங்க, இந்தம்மாவுக்கு என்னைத் தெரியாதாம்.” நாலாம் நாள் அவருக்கு வேறொன்று தோன்றியது. சித்தாராவை உட்காரவைத்து எழுதச் சொன்னார்: “என் வரிக்குச் சான்று இல்ல, சரி. உங்க வரிக்கு எங்க இருக்குது?”

அடுத்த நாள் பார்த்தபோது எண்பத்திரண்டு என்ற வரியின் முடிவில், சின்ன எழுத்தில், ‘சான்று தேவை’ என்று ஒட்டியிருந்தது. ‘சரியான கேள்வி. நன்றி’ என்று நீலாம்பாள் எழுதியிருந்தார். ‘சான்று தேவை’ என்ற அந்த இரண்டு சொற்களை ஜீனத் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் நியாயக்காரி என்று தோன்றியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ‘இந்தம்மா’ போய் ‘நீலாம்மா’ ஆனது.

பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். மணல்தொட்டி என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே என்ன எழுதினாலும் யாரும் அழிக்கமாட்டார்கள். கடையில் ஆளில்லாத மத்தியான நேரத்தில் அதில் ஒற்றை விரலால் தட்டிப் பழகினார். சான்றைத் திறக்கும் குறி, மூடும் குறி, நடுவில் நூலின் பெயர், வெளியிட்டவர், ஆண்டு, பக்கம். பழகுவதற்கு நூல் வேண்டுமே. கையில் கிடைத்த பிரேக் ஷூ அட்டைப் பெட்டி, கியர் ஆயில் டப்பா, சித்தாராவின் ஏழாம் வகுப்புப் பாடப்புத்தகம் எல்லாவற்றையும் சான்றாகக் காட்டினார். மற்ற வண்டிகளின் கட்டுரைகளில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். அதை யாரும் அழிக்கவில்லை என்பதை நாள்தோறும் போய்ப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

இந்தப் பழக்கம் போனோடு நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் சாலை தோண்டப் போகிறார்கள் என்று முதஸ்ஸிர் சொன்னால், “யார் சொன்னாங்க? எதுல வந்துது?” என்று கேட்டார். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்றார் முதஸ்ஸிர். “டீக்கடைல்லாம் செல்லாதுங்க.” தன் நாத்தனார் மகளுக்கு வந்த மாப்பிள்ளை துபாயில் மேனேஜர் என்றபோதும் இதையே கேட்டு, அந்த வீட்டில் இரண்டு வாரம் மனஸ்தாபம் ஆயிற்று.

சாரங்குக்குத்தான் சான்று கிடைக்கவில்லை. அப்பா காலத்துக் கையேடுகள் ஒரு மழையில் ஊறிப் போய்விட்டன. கடைசியில் ஒரு மெக்கானிக் வழி காட்டினார். அந்தக் காலத்தில் ஊரில் சாரங் விற்ற கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்த திருஞானசம்பந்தம், காமாட்சியம்மன் கோயில் பக்கம் குடியிருக்கிறார், எதையும் தூக்கிப் போடாத மனிதர் என்று.

சம்பந்தத்திடம் உதிரிபாகப் பட்டியல் இருந்தது. கம்பெனியே அச்சடித்தது, பிளாஸ்டிக் உறை போட்டது. “புக்கு வெளிய போவாதும்மா. இங்கியே உக்காந்து பாத்துக்கோ” என்று சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஜீனத் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பாக எண்கள் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது முகம் மலர்ந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. பன்னிரண்டு வோல்ட் மேக்னெட், காயிலோடு சேர்த்து. இன்ஜின் எண் 40116 முதல். அக்டோபர் 1982.

மூன்று முறை படித்தார்.

“அச்சுப் பிழையா இருக்குமா சார்?”

“கம்பெனி புக்கும்மா இது.” சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ பாத்ததும் பொய்யில்ல. புது வண்டிங்கள மொதல்ல வடக்கதான் வித்தாங்க. ஆறு வோல்ட்டு ஸ்டாக்கு தீர்ற வரைக்கும் நம்ம பக்கம் அதத்தான் அனுப்பினாங்க. நம்ம ஊருக்குப் பன்னெண்டு வந்தது எம்பத்தினாலுலதான்.”

ஜீனத் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம ஊரு சமாச்சாரத்துக்குச் சான்று இருக்குதா சார்?”

“நான் இருக்கனே. என் கையாலதான் எறக்கினேன்.”

ஜீனத் இல்லையென்று தலையசைத்தார். “நீங்க போதாது சார்.”

அங்கேயே உட்கார்ந்து, தான் இரண்டு முறை அழித்த அந்த எண்பத்திரண்டு வரிக்குச் சான்று சேர்த்தார். மூடும் குறியை விட்டுவிட்டதால் அதற்குக் கீழே இருந்த பத்திகள் காணாமல் போயின; பதறிப்போய்ச் சரிசெய்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. சம்பந்தத்தின் மருமகள் இரண்டாவது காபி கொண்டுவந்து வைத்தபோது நீலாம்பாளின் செய்தி வந்திருந்தது: ‘பக்க எண்ணுடன் தந்தமைக்கு நன்றி. இந்தக் கட்டுரையில் இதுதான் முதல் சான்று.’

ஆனால் ஜீனத் அதற்குப் பதில் எழுதவில்லை. அவருக்கு ஐயம்பேட்டை பழனியின் நினைவு வந்துவிட்டது.

பழனி ஐயம்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். தாமலில் இருக்கும் தன் மச்சான், அதாவது மனைவி சத்யப்ரியாவின் அண்ணன் சீனிவாசனிடமிருந்து ஒரு சாரங் வாங்கியிருந்தார். எண்பத்திரண்டு பதிவு. இரண்டு வருஷத்துக்கு முன் பாயிண்ட் செட் வாங்க அதைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜீனத் குனிந்து மேக்னெட்டைப் பார்த்தார். “எம்பத்திரெண்டுல பன்னெண்டு வோல்ட்டு ஏதுபா? திருட்டு இன்ஜின மாட்டி உன் தலையில கட்டிட்டாங்க.” பழனி அங்கிருந்து நேரே தாமலுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு ஒருநாள் செயின் வாங்க வந்தபோது சொன்னார். மச்சானோடு பேச்சில்லை என்றார். “வண்டி வாங்கும்போது சொந்தம் பாக்கக்கூடாதுபா” என்று சொல்லிவிட்டு ஜீனத் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

முப்பத்திரண்டு வருஷத்தில் எண்பத்திரண்டு பதிவில் பன்னிரண்டு வோல்ட் வண்டி ஒன்றே ஒன்றுதான் அவர் கடைக்கு வந்தது. அந்த ஒன்றையும் திருட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் காலை, போனில் பிடித்து வந்திருந்த நாற்பத்தொன்றாம் பக்கத்தின் படத்தைக் காகிதத்தில் நகலெடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். “எங்க போற?” என்று முதஸ்ஸிர் கேட்டதற்கு, “ஒண்ண மாத்தணும்” என்று மட்டும் சொன்னார்.

சாரங் பழனியின் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு நின்றது. பழனி பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சத்யப்ரியா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஜீனத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். “வண்டி விசயத்துல நான் தப்பா சொல்லிட்டேன்பா.”

“நீங்களா?”

“இன்ஜின் நம்பரப் படி.”

பழனி தார்ப்பாயை விலக்கி, போன் வெளிச்சத்தில் துருவைத் தேய்த்துப் படித்தார். நாற்பதாயிரத்து முந்நூற்று ஏழு. ஜீனத் நகலை நீட்டி வரியைக் காட்டினார். பழனி எண்ணையும் தேதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கம்பெனில மாட்டின இன்ஜின்தான் இது. வண்டி வடக்க இருந்து வந்ததா?”

“மிலிட்டரிக்காரர் ஒருத்தர்கிட்ட வாங்கினேன்னுதான் மச்சான் சொன்னாரு. நான் நம்பல.” பழனி அப்படியே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “தாமல் ஏரிக்கரையில அத்தனை பேருக்கு முன்னாடி அவர திருடன்னு சொல்லிட்டேங்கா.”

“அந்த வார்த்தைய உன் வாயில போட்டது நான்.”

சத்யப்ரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “எங்கண்ணன் பொண்ணு காதுகுத்துக்கு நாங்க போவல” என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்தாள். முதல் முறை அந்தப் பக்கம் துண்டித்தார்கள். மறுபடியும் போட்டாள்.

“அண்ணா, வச்சிடாத. நான்தான். எனக்காக இல்ல, வேற ஒருத்தவங்க உங்கிட்ட பேசணும்னு வந்துக்கிறாங்க.” போனை ஜீனத்திடம் நீட்டினாள்.

“யாருங்க?” என்றது ஓர் ஆண் குரல்.

ஜீனத் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கையிலிருந்த நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பேசத் தொடங்கினார்.