கேடி பாலையாவின் ஞாயிற்றுக்கிழமை

பாலையா தன் ஆயுளில் திருடியது ஒரே ஒரு சைக்கிள். அதையும் உருப்படியாகத் திருடவில்லை. ரேணிகுண்டா ரயிலடியில் பூட்டாமல் சாய்த்து வைத்திருந்ததைக் கிளப்பிவிட்டான். ஆனால் அவனுக்கு ஓட்டத் தெரியாது. வடமாலபேட்டை வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்தான். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் பஸ்ஸில் சாவகாசமாக வந்து இறங்கிப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் ஜெயில்.

வெளியே வந்ததும் தண்டனை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். விவரம் கெட்டவன். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனில் அவன் பெயரைக் கேடி ரிஜிஸ்டரில் ஏற்றினார்கள். கேடி என்றால் போலீஸ் கண்காணிக்க வேண்டிய பேர்போன திருடன். ஞாயிறுதோறும் ஐந்து மைல் நடந்துபோய் முகத்தைக் காட்டிக் கைநாட்டு வைக்கவேண்டும். சுற்றுவட்டாரத்தில் எவன் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் இழுத்துப் போவார்கள். ஒரு ஞாயிறு தவறினால் திங்கட்கிழமை முதுகு வீங்கும்.

ஸ்டேஷன் சுவரில் ஒரு பலகை, அதில் ஏழு படங்கள். முதல் படத்தில் இருப்பவன் மலைப்பாதையில் வண்டிகளை மறித்து மூன்று பேரைக் கொன்றவன். அடுத்தவன் கள்ளநோட்டு அடித்தவன். ஏழாவது நம் பாலையா. படம் பிடித்த அன்று வெயில் நேராகக் கண்ணில் அடித்ததில் முகத்தைச் சுளித்துவிட்டான். அதனால் ஏழு பேரில் அவன்தான் மகா கொடூரன். கொலைகாரன், பாவம், கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஓடுகிற ரயிலில் தாவி ஏறினான் என்றார்கள். ஏர்பேட்டில் ஒரு பண்ணை வீட்டில் கன்னம் வைத்தான் என்றார்கள். அந்த வாரம் முழுக்க அவன் குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். அதுவே ஒரு தந்திரம் என்றார்கள். தாய்மார்கள் எல்லோரும் "பாலையா வரான், சீக்கிரம் துன்னு" என்று பிள்ளைகளுக்குச் சோறூட்டினார்கள். அவன் பெண்சாதி பாப்பாத்தியும் மகள் ரத்னம்மாவுக்கு அப்படிச் சொல்லித்தான் ஊட்டினாள். பேர் யாருடையதாக இருந்தால் என்ன, பிள்ளை சாப்பிட்டால் சரி.

அந்த ரத்னம்மாவுக்குப் பதினேழு வயதானபோது தூரத்து உறவுக்காரர் ரங்கையா தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். பெண்ணைப் பிடித்திருந்தது. எழுந்து துண்டை உதறிக்கொண்டே சொன்னார்.

"பொண்ணு தங்கம், மச்சான். ஆனா போலீசு தேடிக்கினு வர்ற வூட்ல நான் சம்பந்தம் பண்ண முடியாது. சித்திரை வரைக்கும் பாக்கறேன். உன் பேரு அந்தப் புஸ்தகத்துல இல்லேன்னா சொல்லியனுப்பு."

அது நடக்கிற காரியமா? ரிஜிஸ்டரில் ஏறியவன் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. பாலையா அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

ஆனால் அவனுக்காக இரண்டு சர்க்கார்கள் வேலை செய்தன. ஆந்திரா தனியாகப் பிரிந்து ஆறரை வருஷமாகியும் எல்லைத் தகராறு தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, அவன் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊர் போயிற்று, ரிஜிஸ்டர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறு கைநாட்டு வைக்கப் போனபோது ஏட்டு சிரித்தார்.

"ஒரேய் பாலையா, இங்க நீ மாவாடு காது. எங்க ஆளு இல்லடா இனிமே. கொத்த ஸ்டேஷன்ல, அதான் உங்க புது ஸ்டேஷன்ல, உன்னை எவனுக்கும் தெரியாது. போய் நிம்மதியா இரு, போ."

ஊர் கைமாறிய பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பாலையா வேட்டியை மாற்றினான். பாப்பாத்தி வாசலை மறித்து நின்றாள்.

"எங்க கிளம்பிக்கினே?"

"புது ஸ்டேஷனுக்கு."

"உன்னை யாரு கூப்ட்டாங்க? நீயா போயி நான்தான் கேடின்னு சொன்னா நம்ம பொண்ணு கதி இன்னாய்யா ஆவறது?"

அவள் சொன்னது நியாயம். அவனுக்கும் தெரிந்தது. ஆனால் பதினாலு வருஷம் அடி தின்ற முதுகுக்கு நியாயம் எங்கே தெரியப்போகிறது? எப்போதாவது கண்டுபிடித்துவிட்டால்? போய் நின்றுவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டான். பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

புது ஸ்டேஷனில் சுண்ணாம்பு வாசனை அடித்தது. சுவரில் படங்கள் இல்லை. ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க, உக்காருங்க. இன்னா விஷயம்?" என்றார். தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்துப் பாலையா திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

பெயர் கேட்டார். சொன்னான். அவர் துள்ளி எழுவார் என்று கண்ணை மூடிக்கொண்டான். அவர் எழுதிக்கொண்டார். ஊர் கேட்டார். எழுதிக்கொண்டார்.

"இன்னா காணாம போச்சு?"

வாய்க்கு வந்தபடி "ஆடுங்க" என்றான். அவனிடம் ஆடே கிடையாது.

"இன்னா நிறம்?"

"கறுப்புங்க. ஒரு காது மட்டும் வெள்ளை." சொல்லும்போதே அந்த ஆட்டின்மேல் அவனுக்குப் பாசம் வந்தது.

"யார் மேல சந்தேகம்?"

இந்தக் கேள்விக்கு அவன் ஊரார் பதினாலு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார்கள். பக்கத்து வீட்டு முனியப்பன் மட்டும் நாலு தடவை சொல்லியிருக்கிறான்.

"பயப்படாம சொல்லுய்யா. எல்லா ஊர்லயும் ஒரு கேடி இருப்பான். நம்ம ரிஜிஸ்டர் புதுசு, மொதல் பக்கமே காலியா கெடக்குது. ஒரு பேரு சொல்லு, தூக்கியாந்துடறேன்."

முனியப்பன் என்ற பெயர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் போதும்; நாலுக்கு ஒன்று, அதிகம்கூட இல்லை. முனியப்பனுக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இரண்டு பேர். இனி அவன் ஞாயிறுதோறும் நடந்து வந்து கைநாட்டு வைக்கவேண்டும். பாலையாவுக்கு அவன்மேல் ஆத்திரமும் வந்தது, இரக்கமும் வந்தது.

"யாரும் இல்லீங்க" என்றான்.

"ஒரு ஊர்ல ஒரு திருடன்கூடவா இல்ல?"

"இல்லீங்க. ஆடு தானா எங்கியோ மேய்ஞ்சிக்கினு இருக்கும்."

ரைட்டருக்கு எரிச்சல். "அப்போ எதுக்குய்யா காலங்கார்த்தால வந்தே?" என்று புலம்பிக்கொண்டே ரிஜிஸ்டரை இழுத்து ஊர்ப்பெயருக்கு நேரே ஏதோ எழுதிவிட்டு, "கேடி இல்லைன்னு போட்டுட்டேன், போ" என்றார்.

பாலையா வழிநெடுக அழுதான். எதிரே வந்தவர்கள், போலீஸ் அடி பலம்தான் என்று பேசிக்கொண்டார்கள். பாப்பாத்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா கேட்டாங்க?"

"நம்ம ஊர்ல திருடன் யாருன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"யாரும் இல்லேன்னேன்."

"எழுதிக்கினாங்களா?"

"எழுதிக்கினாங்க. ரங்கையா மச்சானுக்குச் சொல்லியனுப்பு" என்றான் பாலையா.