கலைந்து நின்ற யாசீன்

இறந்துபோன அத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் ஓதக் கொடுக்க, அவர் பெயரை அட்டையில் போட்டு அச்சடித்த குர்ஆனின் யாசீன் அத்தியாயப் புத்தகக் கட்டைப் பிரித்ததும் எழுந்த மை வாசனை, இப்போது கைப்பேசிக் கடையாகிவிட்ட எங்கள் கிள்ளான் அச்சகத்துக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே மின்விசிறிக் காற்றில் ஈரத்தாள்கள் சடசடக்கும். அரபு எழுத்து ஒன்றின் வால் அடுத்ததைத் தொடாவிட்டாலும் அத்தா வரியையே கலைத்து மறுபடி கோப்பார். வீணான தாளும் யார் காலிலும் படக்கூடாதென்று அம்மா சாக்கில் போட்டு உயரே மாட்டுவார்.

இந்தப் புத்தகத்தில் எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. வலமிருந்து புரட்ட வேண்டியதன் முதல் பக்கம் கடைசியில் கிடந்தது.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது பாஸ். ஓதுறவங்களுக்கு மனப்பாடம்தானே லா, யாரு பார்க்கப் போறா?" என்றான் அச்சடித்தவன்.

"எங்கத்தா பார்ப்பாரு!" என்று கத்தினேன்.

அத்தனையையும் சாக்கில் கட்டினேன். நாற்பதாம் நாளன்று அத்தாவுக்காக ஓதியவர்களின் கையில் இருந்தவை, எப்போதோ இறந்துபோன யார் யாருடைய பெயரோ அட்டையில் போட்டு அத்தாவே அச்சுக்கோத்த பழைய புத்தகங்கள்.