சறோ அக்கா கதைத்துக்கொண்டா ஓடினார்?

சறோ அக்காவின் செய்தி உங்களில் பலருக்குத் தொலைபேசியில் வந்திருக்கும். பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பிக்கு, இங்கே நாங்கள் அழத் தொடங்கும் முன்னரே யாரோ படத்தோடு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தச் செய்தி தலைக்கவசத்துக்குள் வந்தது. இரும்பு தார்வீதியில் உரசும் சத்தம் காதோரம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டுமே.

செத்தவீட்டில் பந்தலுக்குக் கீழே கதிரைகள் பரப்பி முடியவில்லை, கதை தொடங்கிவிட்டது. "ஹெல்மெற்றுக்குள்ளை ஏதோ பூட்டி வைச்சிருந்தவவாம். கதைச்சுக்கொண்டு வந்துதான் மாட்டிலை அடிபட்டவ." இதை நாக்கூசாமல் சொன்னவர்களில் ஒருவர், தன் காணி அலுவலுக்காக சறோ அக்காவின் மேசைக்கு எத்தனையோ தரம் வந்து போனவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரேதத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவரை அறிந்த உங்களிடமாவது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாண நகரில் ஒரே அலுவலகத்தில் கிளாக்கர்மார். அவருக்கு ஊர் கரம்பொன், எனக்குச் சுருவில், இரண்டும் தீவுப் பக்கம். பஸ்ஸை நம்பிக் கெட்டபின் ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கி, பண்ணைப் பாலத்தால் சேர்ந்தே போய் வந்தோம். தீவுக்குத் திரும்பும் வீதியில் பொழுதுபட்டால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். அக்கா தனியே வருகிறாவே என்ற பயத்தில்தான் தம்பி அந்தப் புளூடூத் சோடியை அனுப்பினார். தலைக்கவசத்தின் பக்கத்தில் ஒட்டும் சின்னப் பெட்டி, உள்ளே காதுக்கு ஒலிபெருக்கி, வாய்க்கு முன்னால் ஒரு மைக். ஒன்றை எனக்குத் தந்தார். முதல்நாள் பாலத்தில் ஏறியதும் "கேக்குதோ?" என்று அவர் போட்ட கூச்சலில் நான் கடலுக்குள் இறங்கப் பார்த்தேன். "கத்தாதேங்கோ அக்கா, காதுக்குள்ளை நிக்கிறியள்" என்றேன். அன்று வேலணை வரும்வரை இருவரும் காரணமில்லாமல் சிரித்தோம்.

அவருடைய கணவர் கணேசண்ணை தோட்டத்தோடு கிடக்கிறவர், அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் படலையடியில் என்னிடம் முறைப்பாடு வைத்தார். "வீட்டிலை என்னோடை கதைக்கிறதிலும் பார்க்க ரோட்டிலை உம்மோடை கதைக்கிறதுதான் கூட." சறோ அக்கா விடவில்லை. "இவ ஓம் ஓம் எண்டு கேக்கிறா. நீங்கள் கேக்கிறனீங்களோ?" அண்ணை சிரித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கேட்டது உண்மை. முகம் தெரியாத கதை வேறு விதமானது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்து சொல்லாதவற்றை, எனக்கு முன்னால் முதுகைக் காட்டி ஸ்கூட்டர் ஓடிக்கொண்டு சொன்னார். ஒரு தடவை அல்லைப்பிட்டியிலிருந்து அவர் அழுதுகொண்டு வந்தது எனக்குக் கேட்டது. என்ன கேட்பதென்று தெரியாமல் "ஓம் அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு பின்னால் போனேன். வீட்டுச் சந்தியில் தலைக்கவசத்தைக் கழற்றியவர் கண்ணைத் துடைத்துவிட்டு, மீன் வந்திருக்குமோ என்று கேட்டார். "ஹெல்மெற்றுக்குள்ளை சொன்னதை வெளியிலை எடுக்கப்பிடாது" என்பது அவர் போட்ட சட்டம். எதற்காக அழுதார் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

அவர் போட்ட இன்னொரு சட்டத்துக்குக் காரணம் சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தச் சோளகம் தொடங்கினால் பாலத்தில் மைக்குக்குள்ளும் காற்றுப் புகுந்து இரையும். அப்படியொரு நாள், தண்ணீர் ஏற்றிப் போன பவுசர் லொறி ஒன்றை அவர் முந்திப் போய்விட்டார். நான் அதற்குப் பின்னால் மறைபட்டு நின்றேன். எதிரே வான் ஒன்று வருவதைக் கண்டு "வருது" என்றார். காற்றில் எனக்கு அது "வாரும்" என்று கேட்டது. என்னை எப்போதும் நீர் போட்டுத்தான் கூப்பிடுவார், அதனால் சந்தேகமே வரவில்லை. பவுசரை முந்த ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன். வானின் கண்ணாடி என் சட்டைக் கையில் தட்டிக்கொண்டு போனது.

பாலத்தின் ஓரத்தில் இருவரும் இறங்கினோம். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு வாங்கினேன். பேசி முடித்தபின் சட்டத்தைப் போட்டார்.

"பிழை உம்மிலை இல்லை. சொல்லிலைதான் பிழை. இனி உம்மை நான் வாரும் எண்டு கூப்பிட மாட்டன். பாதை கிளியர் எண்டால் ஓம் எண்டுவன். ஏதும் நிண்டால் பொறும் எண்டுவன். பொறும் எண்டால் ஏன் எண்டு கேக்கப்பிடாது. பிறேக்கைப் பிடிக்கவேணும்."

"சரி அக்கா."

"சரியில்லை. சத்தியம் பண்ணும்."

பண்ணினேன். அவர் சொன்னதைக் கடுமையாகவே பிடித்தார். அலுவலகத்தில்கூட அந்தச் சொல்லை விட்டுவிட்டார். மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்துவிட்டு, என்னைப் பார்த்து "ஓம்" என்பார். நான் சாப்பிடப் போவேன். மற்றவர்கள் எங்களை விசரிகள் என்று பகிடி பண்ணினார்கள்.

மாரி தொடங்கியதும் மூன்றாவது சட்டமும் வந்தது. மழை இருட்டில் மண்கும்பானுக்குப் பிறகு கதையில்லை. அந்தப் பக்கம் கட்டாக்காலி மாடுகள் ஈர மண்ணை விட்டு வீதியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். பால் கறக்கும்போது மட்டும் அவற்றுக்குச் சொந்தக்காரர் இருப்பார்கள். அக்காவைக் கொன்ற மாட்டுக்கு இன்றுவரை யாரும் உரிமை கோரி வரவில்லை.

அந்தப் பின்னேரம் கந்தோர் விட்டு வரும்போதே மழை பிடித்துவிட்டது. மண்கும்பான் கடந்ததும் வழக்கம்போல அவர் வாயை மூடினார், நானும் மூடினேன். அவருடைய மூச்சு மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மழையங்கிக்கு மேலே பின் விளக்கின் சிவப்புத் தெரிந்தது. வளைவில் அந்தச் சிவப்பு மறைந்தது. அந்த நேரத்தில்தான் "பொறும்" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. சறுக்கிக்கொண்டு போய் வளைவின் வாயில் நின்றேன். எனக்கு முன்னால் கறுத்த மாடுகள் எழும்பி நின்றன. எழும்ப முடியாத ஒன்றுக்குப் பக்கத்தில் அவர் கிடந்தார். "அக்கா" என்றேன். என் குரல் அவருடைய தலைக்கவசத்துக்குள் ஒலித்ததை நான் என் காதால் கேட்டேன்.

மரண விசாரணையில் கேட்டார்கள். "அந்த நேரம் என்ன கதைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?" ஒன்றும் கதைக்கவில்லை என்றேன். கேட்டவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. ஊரும் நம்பவில்லை. கணேசண்ணை நம்புகிறாரா என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட்டு எழும்பியபின் கணேசண்ணை என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"கதைச்சுக்கொண்டு வந்தனீங்களோ, பிள்ளை?"

"இல்லை அண்ணை. கடைசியாய் ஒரு சொல்லுத்தான் சொன்னவ."

"என்னெண்டு?"

"பொறும் எண்டு."

அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தன்னை அக்கா ஒருநாளும் நீர் போட்டுக் கூப்பிட்டதில்லை என்பது அண்ணைக்குத் தெரியும்.

"அது உமக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார்.

உங்களைத்தான் கேட்டவ என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். பிழையான சொல் ஆளைக் கொல்லும் என்று பாலத்தில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கியவரின் வீட்டில் இருந்துகொண்டு என்னால் அது முடியவில்லை. "இல்லை அண்ணை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார்.

ஊர் சொல்வது பொய் என்று நிறுவத்தான் இதை எழுதத் தொடங்கினேன். முழுப் பொய் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. சறோ அக்கா கதைத்தவர்தான். மாட்டைக் கண்ட கணத்தில் ஐயோ என்றோ கடவுளே என்றோ கத்துவதற்கு இருந்த மூச்சில் பின்னால் வந்த என்னை நிறுத்தினார். அந்த மூச்சு அவருக்கே உதவியிருக்குமோ என்று எனக்குத் தெரியாது, அதை நினைக்காமல் ஒரு இரவும் நான் படுப்பதில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சொல் மட்டும்தான். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்த மனிதர் கேட்டும், அதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை.